அந்தப் பெண்மணி எங்கே?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களையெல்லாம் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனுடைய திருத்தூதர் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

 

மதீனாவில் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கி வந்த ஒரு பெண்மணியின் செய்தி ஹதீஸ் நூல்களில் வந்திருக்கிறது. அவர் கறுப்பு நிறத்தவர். ஒருநாள் அவரைக் காணவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் அவரைப் பற்றி விசாரித்தார்கள். அவர் இறந்து விட்டார், அடக்கமும் செய்தாகி விட்டது என்று தோழர்கள் சொன்னார்கள். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். தோழர்கள் அந்த அம்மையாரின் விஷயத்தை ஒரு சிறிய விஷயமாக எண்ணி விட்டார்கள் என்று அந்த ஹதீஸிலேயே சொல்லப்படுகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் அத்துடன் விட்டுவிடவில்லை. அவருடைய கபுறைக் காட்டுமாறு கேட்டு, அங்கே சென்று, கபுறின் அருகில் நின்று அவருக்காகத் தொழுதார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியிருக்கும் செய்தி இது.

இந்தச் செய்தியை நாம் எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். பள்ளிவாசல் ஊழியத்தின் சிறப்பைச் சொல்லும்போது ஆலிம்கள் இதை எடுத்துச் சொல்வார்கள். அது சரியே. ஆனால் இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள், தோழர்கள் காட்டினார்கள். கேட்காமல் இருந்திருந்தால் அந்தக் கபுறு எது என்று பிற்காலத்தில் ஒருவருக்கும் தெரிந்திராது. கேட்ட பிறகும், அடக்கிய இடத்தை அறிந்தவர்கள் காட்டாமல் இருந்திருந்தால் அந்தத் தொழுகை அங்கே நடந்திராது. மறக்கப்பட்ட ஒருவருக்கு உரிய மரியாதையைத் திரும்பக் கொடுக்க, கேட்பவரும் வேண்டும், காட்டுபவரும் வேண்டும்.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மக்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் நூற்றாண்டுகளாக வாழ்ந்து, அக்கம்பக்கத்தாராலேயே மறக்கப்பட்டு, இப்பொழுது கொஞ்சம் கொஞ்சமாக நினைவுக்குக் கொண்டுவரப்படுகிறார்கள். அதைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன். அதற்கும் சிங்கப்பூரில் வாழும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் நம் நாவிலேயே இருக்கிறது.

இந்த ஊரில் மலாய்ச் சகோதரர்கள் பாங்கு சொல்பவரை என்ன பெயரால் அழைக்கிறார்கள்? பிலால் என்று அழைக்கிறார்கள். முஅத்தின் என்ற அரபுச் சொல் இருக்க, மோதினார் என்று நாம் தமிழில் சொல்லிக் கொண்டிருக்க, அவர்கள் ஒரு மனிதரின் பெயரையே அந்த உத்தியோகத்தின் பெயராக ஆக்கி விட்டார்கள். அந்த மனிதர் யார்? ஹபஷ் நாட்டுத் தாய் ஹமாமாவின் வயிற்றில் பிறந்தவர். மக்காவில் உமையா இப்னு கலபின் அடிமையாக இருந்தவர். சுடுமணலில் கிடத்தி, நெஞ்சின் மீது பாறையை ஏற்றிய போதும் இறைவன் ஒருவனே என்ற சொல்லை விடாதவர். அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்தவர். இஸ்லாத்தின் முதல் பாங்கைச் சொன்னவர். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்கா வெற்றி கொள்ளப்பட்ட நாளில் கஃபாவின் மீது ஏறி நின்று பாங்கு சொன்னவர். அன்று அதைக் கண்ட குறைஷிகளில் சிலருக்கு அது பொறுக்கவில்லை. அவருடைய நிறத்தைச் சொல்லி முணுமுணுத்தார்கள் என்று வரலாற்றில் காண்கிறோம்.

பிலால் (ரலி) ஒருவர் மட்டுமல்ல. தாயார் ஆமினா அம்மையார் அப்வாவில் மறைந்தபோது ஆறு வயதுக் குழந்தையாக இருந்த நாயகத்தை மக்காவுக்கு அழைத்து வந்தவர் யார்? ஹபஷியப் பெண்மணியான உம்மு ஐமன் (ரலி) அவர்கள்தாம். நாயகம் (ஸல்) அவர்கள் அவரைத் தாய்க்குப் பின் தாயாகப் போற்றினார்கள். அவருடைய மகன் உஸாமா (ரலி) அவர்களை, வயது இருபதை எட்டாத வாலிபராக இருந்தபோதே, பெரிய ஸஹாபாக்கள் அடங்கிய படைக்குத் தளபதியாக நியமித்தார்கள். மக்காவில் கொடுமை தாங்காமல் முஸ்லிம்கள் முதன்முதலில் ஹிஜ்ரத் செய்து போனது எந்த நாட்டுக்கு? 615ஆம் ஆண்டு ஹபஷுக்கு, நஜாஷி மன்னரின் நிழலுக்கு. அவர் இறந்த செய்தி வந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களை ஸப்பு ஸப்பாக நிறுத்தி அவருக்காக ஜனாஸாத் தொழுதார்கள். காயிப் ஜனாஸாத் தொழுகைக்கு ஷாபிஈ மத்ஹபில் காட்டப்படும் ஆதாரமே அதுதான். நம்மை வளர்த்த மார்க்கத்தில் ஆப்பிரிக்காவின் பங்கு இவ்வளவு!

சகோதரர்களே! இவ்வளவும் தெரிந்த நம்முடைய நாவு எப்படி இருக்கிறது? சுருட்டை முடியுள்ள பிள்ளையைக் கண்டால் காப்பிரி என்கிறோம். கறுத்த பிள்ளை பிறந்தால் பாட்டிமார்களின் முகம் வாடுகிறது. பெண் பார்க்கப் போகிற இடத்தில் ஓதல் எப்படி என்று கேட்கும் முன்னே நிறம் எப்படி என்று கேட்கிறோம். காப்பிரி என்ற இந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? காபிர் என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் இஸ்லாத்தை ஏற்காத மக்களை அரபு வியாபாரிகள் அப்படி அழைக்க, போர்த்துகீசியர் அதைப் பிடித்துக்கொண்டு கறுப்பு மக்கள் அனைவருக்கும் அதையே பெயராக வைத்தார்கள். அது கப்பலேறி நம் கரைக்கும் வந்து, தமிழில் வசைச் சொல்லாக நிலைத்து விட்டது. பிலாலின் பெயரைப் பாங்குக்கும், காப்பிரி என்ற சொல்லைப் பிள்ளைகளின் முடிக்கும் வைத்திருக்கிறோமே, இது நியாயமா?

அபூதர் (ரலி) அவர்கள் பெரிய ஸஹாபி. அவர்கள் ஒரு மனிதரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசிவிட்டார்கள். அந்த மனிதர் பிலால் (ரலி) என்றும், இழித்துப் பேசியது தாயின் கறுப்பு நிறத்தைச் சொல்லித்தான் என்றும் சில அறிவிப்புகளில் வருகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கேட்டு, உம்மிடத்தில் இன்னும் அறியாமைக் காலத்தின் குணம் இருக்கிறது என்ற கருத்தில் கண்டித்தார்கள். உங்கள் கீழ் இருப்பவர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதையும் உடுப்பதையும் அவர்களுக்கும் கொடுங்கள் என்று உபதேசித்தார்கள். பிற்காலத்தில் அபூதர் (ரலி) அவர்களும் அவர்களுடைய ஊழியரும் ஒரே விதமான ஆடை அணிந்திருந்ததைக் கண்டவர் இருக்கிறார். ஒரே ஒரு வசைச் சொல்லுக்கு அந்த ஸஹாபி ஆயுள் முழுவதும் பரிகாரம் செய்தார்கள் என்றால், நாம் விளையாட்டாகச் சொல்லும் சொற்களுக்கு என்ன செய்யப் போகிறோம்?

இனி சரித்திரத்துக்கு வருவோம்.

ஆப்பிரிக்க மக்கள் நம் கடல்களுக்கு வந்தது இன்று நேற்றல்ல. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த யாத்திரிகர் இப்னு பதூதா, கொழும்பை ஆண்ட தலைவனிடம் சுமார் 500 ஹபஷிகள் இருந்ததாக எழுதியிருக்கிறார். மேற்குக் கரையில் மரக்கலங்களைக் கடற்கொள்ளையரிடமிருந்து காக்கும் வீரர்களாக ஹபஷிகள் இருந்ததையும் அவர் சொல்கிறார். அடிமைகளாகக் கொண்டு வரப்பட்டவர்களே மிகுதி. போர்வீரர்களாகவும் மாலுமிகளாகவும் வியாபாரிகளாகவும் வந்தவர்களும் உண்டு.

அவர்களில் மாலிக் அம்பரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சுமார் 1548ல் அபிசீனியாவில் பிறந்தார். சிறு பிராயத்தில் விற்கப்பட்டு, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறி, பக்தாதைச் சேர்ந்த ஒரு வியாபாரியிடம் ஓதவும் எழுதவும் கற்று, கடைசியில் தக்காணத்து அஹ்மத்நகருக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவரை வாங்கிய அமைச்சர் செங்கிஸ் கானும் ஒரு ஹபஷியே. எஜமானர் இறந்த பின் விடுதலை பெற்ற அம்பர் படை திரட்டினார். பிறகு அந்த ராஜ்யத்தையே நிர்வகிக்கும் நிலைக்கு உயர்ந்தார். முகலாயப் படைகளைப் பல வருஷங்கள் தடுத்து நிறுத்தினார். 1610ல் கட்கி என்ற நகரத்தை நிறுவினார். அதுவே பிறகு ஔரங்காபாத் ஆயிற்று. இன்று சத்ரபதி சம்பாஜிநகர் என்று பெயர் மாற்றப்பட்டிருக்கிறது. அந்த வறண்ட பூமிக்குப் பூமிக்கடியில் கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டு வந்தார். நஹ்ரே அம்பரி என்று அதற்குப் பெயர். 1626ல் காலமானார். குல்தாபாதில் அவருடைய கபுறு இருக்கிறது. ஜஹாங்கீர் பாதுஷா அவரைப் போரில் பிடிக்க முடியாமல், வெட்டப்பட்ட அம்பரின் தலைமேல் தாம் அம்பு எய்வது போலச் சித்திரம் எழுதச் செய்து மனத்தை ஆற்றிக் கொண்டார்!

அஹ்மதாபாதில் ஸித்தி ஸையித் பள்ளிவாசல் இருக்கிறது. 1572, 1573ஆம் ஆண்டுகளில் ஹபஷியரான ஸித்தி ஸையித் கட்டியது. கல்லிலே மரமும் கிளையும் கொடியுமாகச் செதுக்கிய அதன் ஜன்னல் உலகப் பிரசித்தம். அந்த நகரத்திலுள்ள பெரிய நிர்வாகக் கல்லூரியின் சின்னம் அந்த ஜன்னலைப் பார்த்தே அமைக்கப்பட்டது. ஜன்னலைத் தெரிந்தவர்கள் கோடிப் பேர். அதைக் கொடுத்தவர் ஆப்பிரிக்கர் என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். அடிமை வியாபாரம் என்றதும் வெள்ளைக்காரனை மட்டும் சுட்டிக் காட்டுவது நம் வழக்கம். போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் செய்தது மகா பாதகம்தான். ஆனால் மாலிக் அம்பரை வாங்கி விற்றவர்களில் முஸ்லிம்கள் இருந்தார்கள். அரபு நாட்டு மரக்கலங்களிலும் குஜராத்தியர் கலங்களிலும் மனிதர்கள் சரக்காக ஏற்றப்பட்டார்கள். அடிமையை விடுதலை செய்வதை மேடான பாதை என்று திருமறை போதிக்கிறது. ஜகாத்தின் எட்டுப் பங்குகளில் ஒன்றை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறது. அதை ஓதிக்கொண்டே மனிதனை விலை பேசியவர்கள் நம்மிலும் இருந்தார்கள். சகோதரர்களே, கணக்கு வைக்கும் எவரும் வரவை மட்டும் எழுதிப் பற்றை மறைக்க மாட்டார். பிலாலை விலை கொடுத்து மீட்டது நம் வரவு என்றால், அம்பரை விலை பேசியது நம் பற்று. இரண்டையும் எழுதினால்தான் அது கணக்கு.

சரி, அந்த மக்களின் சந்ததியார் இன்று எங்கே இருக்கிறார்கள்?

கர்நாடகத்தில் உத்தர கன்னட ஜில்லாவில், எல்லாப்பூர், ஹலியால், முண்டகோடு பக்கத்துக் காடுகளில் ஸித்திகள் வாழ்கிறார்கள். ஸித்தி என்ற பெயர் ஸையிதீ என்னும் அரபுச் சொல்லின் திரிபு என்பது பெரும்பாலோர் கூற்று. இவர்களின் முன்னோர்களில் பலர் கோவாவில் போர்த்துகீசியரிடம் அடிமைப்பட்டிருந்து, தப்பிக் காட்டுக்குள் புகுந்தவர்கள். இவர்களில் முஸ்லிம்கள் உண்டு, இந்துக்கள் உண்டு, கிறிஸ்தவர்கள் உண்டு. நெடுங்காலம் பிறர் நிலத்தில் கூலியாகவும் பண்ணையாளாகவும் உழைத்தார்கள். நாலு தலைமுறையாய் இருந்தும், இவர்கள் எந்த நாட்டார் என்று பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி மட்டும் ஓயவில்லை.

இவர்களைப் பற்றிக் கேட்க வந்தவர்களில் முந்தியவர் டி. சி. பலாக்ஷப்பா. அவருடைய புத்தகம் 1976ல் வெளிவந்தது. பிறகு 1984ல் சிப்ரியன் லோபோ என்பவர் ஓர் அறிக்கை எழுதினார். ஸித்திகளைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்ப்பதற்கான நியாயங்களை எடுத்து வைப்பதே அந்த அறிக்கையின் நோக்கம். ஸித்திகளும் சும்மா இருக்கவில்லை. மூன்று மார்க்கத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து தங்களுக்கென்று சங்கம் அமைத்தார்கள், மனுக் கொடுத்தார்கள், நடையாய் நடந்தார்கள். கடைசியில் 2003ஆம் ஆண்டு அந்த ஜில்லா ஸித்திகள் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அறிக்கை வந்ததிலிருந்து 19 வருஷங்கள்! அந்த ஒரு கையெழுத்தினால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட உதவி வந்தது. உத்தியோகத்துக்கு வழி பிறந்தது. 2020ல் சாந்தாராம் ஸித்தி என்பவர் கர்நாடக மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

படித்தவரின் அறிக்கை தனியாகப் போயிருந்தால் ஏதாவது அலமாரியில் தூங்கியிருக்கும். ஸித்திகளின் மனு தனியாகப் போயிருந்தால், ஆதாரம் எங்கே என்று அதிகாரி கேட்டிருப்பார். கேட்டவரும் காட்டியவரும் சேர்ந்ததனால்தான் காரியம் நடந்தது.

அந்த ஸித்திப் பெண்கள் பழந்துணிகளைக் கொண்டு போர்வை தைக்கிறார்கள். கவந்தி என்று பெயர். கிழிந்த சேலை, லுங்கி, சட்டை எதையும் எறிவதில்லை. ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே நடுவுக்கு வருவார்கள். நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூ வைப்பார்கள். பூ இல்லாத போர்வை நிர்வாணமாக இருப்பதற்குச் சமம் என்பது அவர்கள் எண்ணம். முடிக்கும் நேரத்தில் நடுவிலே சில அரிசி மணிகளை வைத்துத் தைப்பதும் உண்டு. போர்வையின் வயிற்றுக்குச் சோறு ஊட்டுவதாம் அது! முஸ்லிம் பெண்கள் பிறையையும் பள்ளிவாசலையும், கிறிஸ்தவப் பெண்கள் சிலுவையையும் வைத்துத் தைக்கிறார்கள். தையல் ஒன்றுதான்.

அமெரிக்காவில் விஸ்கான்ஸின் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஹென்றி ட்ரூவல் இந்தப் போர்வைகளைப் பார்த்தார். பார்த்துப் புத்தகம் எழுதுவதோடு நிற்காமல், அந்தப் பெண்கள் 2004ல் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைக்கத் துணை நின்றார். 2011ல் நியூயார்க்கில் ஷோம்பர்க் மையத்தில் அந்தப் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஏழைத் தாய் பிள்ளைக்குக் குளிருக்காகத் தைத்ததை உலகம் கலை என்று பார்த்தது. பலர் கூடிச் செய்யும் காரியத்துக்கு இந்தக் கவந்தியை விட நல்ல உவமானம் எனக்குத் தோன்றவில்லை. சிறு சிறு துண்டுகள்தாம். எவரும் தூக்கி எறியக்கூடியவைதாம். தைத்துச் சேர்த்தால் ஒரு குடும்பத்துக்கே போர்வை.

குஜராத்தில் ஸித்திகள் பெரும்பாலும் முஸ்லிம்கள். ரத்தன்பூரில் பாவா கோர் அவர்களின் தர்கா இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, அகேட் என்னும் மணிக்கல் தொழிலை வளர்த்தவர் என்று அவரைப் போற்றுகிறார்கள். கிர் காட்டை ஒட்டிய ஜம்பூர் கிராமத்தில் ஹீராபாயி இப்ராஹிம் லோபி என்ற ஸித்திப் பெண்மணி இருக்கிறார். சிறு வயதில் பெற்றோரை இழந்தவர். தம் ஊர்ப் பெண்களைச் சேர்த்துச் சங்கம் வைத்து, இயற்கை உரம் தயாரித்து விற்று, சேமிக்கப் பழக்கி, சிறு குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தியவர். 2023ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

கலிபோர்னியாவில் எட்வர்ட் ஆல்பர்ஸும் ஏமி கேட்லின் ஜெய்ராஸ்பாயும் சேர்ந்து 2004ல் ஒரு கட்டுரைத் தொகுப்பு வெளியிட்டார்கள். ஸித்திகளும் அறிஞர்களும் என்பதே அதன் தலைப்பின் பொருள். தலைப்பிலேயே இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து விட்டார்கள் பாருங்கள்! 2013ல் அதே ஷோம்பர்க் மையம், இந்தியாவில் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாகவும் தளபதிகளாகவும் மன்னர்களாகவும் இருந்த சரித்திரத்தைக் காட்சியாக வைத்தது. அது மறு வருஷம் டில்லிக்கும் வந்தது.

நம் தமிழ் பேசும் முஸ்லிம்கள் நிறைந்த ஊர் இலங்கையின் புத்தளம். அதற்குப் பக்கத்தில் சிரம்பியடி என்ற சிற்றூரில் ஆப்பிரிக்க வம்சத்தார் வாழ்கிறார்கள். போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடிமைகளாகவும் சிப்பாய்களாகவும் கொண்டுவந்தவர்களின் சந்ததியார். அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். முன்னோர்கள் பேசிய போர்த்துகீசியக் கலப்பு மொழி வீட்டுப் பேச்சிலிருந்து மறைந்து, மாஞ்சா என்னும் பாட்டில் மட்டும் தங்கியிருக்கிறது. மேளமும் தேங்காய்ச் சிரட்டையும் கொண்டு தாளம் போட்டு, கூடி நின்று பாடி ஆடுவார்கள். அந்தப் பாட்டையும் அந்த மக்களின் வரலாற்றையும் லண்டனிலிருக்கும் இலங்கை அறிஞர் ஷிஹான் டி சில்வா ஜயசூரியா பல வருஷங்களாகப் பதிந்து எழுதி வருகிறார். அவர் கேட்கவில்லை என்றால் அது ஒரு கிராமத்துக் கொண்டாட்டமாக மட்டும் நின்றிருக்கும். ஊர்ப் பெரியவர்கள் பாடிக் காட்டவில்லை என்றால் அவருக்கு எழுத ஒன்றும் இருந்திராது.

அவர்கள் முஸ்லிம்களாக இருந்தால் சரி, கத்தோலிக்கருக்கும் இந்துவுக்கும் நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். நஜாஷி மன்னர் நம் மக்களுக்கு அடைக்கலம் கொடுத்தபோது அவர் கிறிஸ்தவர் அல்லவா? வந்தவர்கள் என்ன மார்க்கம் என்று பார்த்து அவர் கதவைச் சாத்தினாரா? நீதி என்பது நம்மவனுக்கு மட்டும் அளக்கும் படி அல்ல. மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவன் தன் அத்தாட்சி என்று கூறுகிறான். அத்தாட்சியைக் கேலி செய்கிறவன் யாரைக் கேலி செய்கிறான்? சிந்தியுங்கள்.

அறிஞர்களுக்கும் ஒரு வார்த்தை. வந்தார்கள், ஆடச் சொன்னார்கள், படம் பிடித்தார்கள், போனார்கள் என்று இருந்தால் அது கேட்டதாகாது. ஸித்தி என்றால் மேளமும் ஆட்டமும் என்று நின்று விடக்கூடாது. அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும், அந்தக் குடும்பத்துக்கு நிலமும் வேண்டும். நாயகம் (ஸல்) அவர்கள் அந்தப் பெண்மணியைப் பற்றிக் கேட்டதோடு நிற்கவில்லை. நடந்து போனார்கள், நின்று தொழுதார்கள். கேட்பவருக்குக் கடமை கேள்வியோடு முடிவதில்லை.

இப்பொழுது நம் சிங்கப்பூருக்கு வருவோம். பென்கூலன் தெரு என்றால் நமக்குத் தெரியும். அங்கே பென்கூலன் பள்ளிவாசலும் இருக்கிறது. சுமத்ராவிலுள்ள பென்கூலனிலிருந்து வந்தவர்களால் அந்தப் பெயர் ஏற்பட்டது. அந்தப் பென்கூலனில் ஆங்கிலக் கம்பெனி ஆப்பிரிக்க அடிமைகளை வைத்திருந்தது. இருநூறு பேருக்கு மேல் இருந்த அவர்களை 1818ல் ராபிள்ஸ் துரை விடுதலை செய்தார். மறு வருஷம் அவர் இங்கே வந்து இறங்கியது பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் பாடம். அந்த இருநூறு பேர் எந்தப் பாடத்திலும் இல்லை. தெருப் பெயர் நாள்தோறும் நம் வாயில் வருகிறது. அந்த மக்கள் நம் நினைவில் வருவதில்லை.

மறக்கப்படுவது என்றால் என்ன என்று நமக்குத் தெரியாதா? தெலுக் ஆயர் தெருவில் 1828 முதல் 1830 வரை நம் முன்னோர் கட்டிய நாகூர் தர்கா 1974ல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டும், பிறகு நாள்பட்டுச் சிதைந்து கிடந்தது. அதைச் செப்பனிட்டு, 2011ல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறந்தார்கள். அரசாங்கம் மட்டும் செய்த காரியமா அது? சரித்திரம் தெரிந்தவர்களும், பழைய சாமான்களையும் கடிதங்களையும் படங்களையும் பெட்டியில் வைத்துக் காத்த குடும்பங்களும், சங்கங்களும் சேர்ந்தால்தான் இப்படிப்பட்ட நிலையம் அமையும். நமக்கு அந்த மரியாதை கிடைத்தபோது மகிழ்ந்தோம். அதே மரியாதை புத்தளத்துக்காரருக்கும் எல்லாப்பூர்க்காரருக்கும் கிடைக்கும்போதும் மகிழ வேண்டும். ஐக்கிய நாட்டுச் சபை 2015 முதல் 2024 வரை பத்து ஆண்டுகளை ஆப்பிரிக்க வம்சத்தாருக்கென்று ஒதுக்கியது. 2025 முதல் இரண்டாவது பத்தாண்டு நடக்கிறது. உலகமே கேட்கத் தொடங்கியிருக்கும்போது நாம் காது பொத்திக் கொண்டிருக்கலாமா?

நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. முதலாவது, காப்பிரி என்ற சொல்லை இன்றோடு நம் வீடுகளிலிருந்து அப்புறப்படுத்துவோம். பிள்ளை சொன்னால் பெற்றோர் திருத்தட்டும். பாட்டி சொன்னால் பேரன் மரியாதையாக எடுத்துச் சொல்லட்டும். இரண்டாவது, சம்பந்தம் பேசும்போது நிறத்தைக் கேட்கும் வழக்கத்தை விட்டு விடுவோம். வாயால் சொல்வதை விட இது கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனால் பிலாலை நேசிக்கிறோம் என்ற நம் வார்த்தை உண்மையா என்று தெரிவது அந்த இடத்தில்தான். மூன்றாவது, மாலை நேர மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பிலால் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொல்லும்போது, உம்மு ஐமனையும் உஸாமாவையும் நஜாஷியையும் மாலிக் அம்பரையும் சேர்த்துச் சொல்ல உஸ்தாதுமார்களைக் கேட்டுக் கொள்வோம். நான்காவது, ஜும்ஆவில் நம் பக்கத்தில் வந்து நிற்கும் ஆப்பிரிக்க மாணவரோ, மாலுமியோ, வியாபாரியோ, அவருக்குத் தோளோடு தோள் இடம் கொடுப்பதோடு நிற்காமல், தொழுகை முடிந்ததும் ஸலாம் சொல்லி, எந்த ஊர், சுகமா என்று கேட்போம். கேட்பதில்தான் எல்லாம் ஆரம்பமாகிறது.

நம்மிடத்திலேயே, நம் பள்ளிவாசல்களிலேயே, கூட்டிப் பெருக்கிச் சுத்தம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஒரு வாரம் வராவிட்டால் எத்தனை பேர் விசாரிக்கிறோம்? அவருடைய பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தக் கட்டுரையைப் படித்த பிறகு வரும் முதல் தொழுகையிலேயே அந்தப் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதற்குச் சங்கம் கூடித் தீர்மானம் போட வேண்டியதில்லை.

யா அல்லாஹ்! உன் தூதர் யாரைப் பற்றிக் கேட்டார்களோ அவர்களைப் பற்றிக் கேட்கும் நாவை எங்களுக்குத் தருவாயாக. நிறத்தையும் குலத்தையும் கொண்டு மனிதரை எடைபோடும் அறியாமைக் குணத்தை எங்கள் நெஞ்சிலிருந்து நீக்குவாயாக. எங்கள் முன்னோர் செய்த நன்மைகளை ஏற்று, அவர்கள் செய்த அநீதிகளை மன்னித்து, அநீதிக்குள்ளானவர்களின் சந்ததியாருக்கு உலகிலும் மறுமையிலும் உயர்வைத் தருவாயாக. கடலைத் தாண்டி விற்கப்பட்டு, பெயரில்லாமல் அடங்கிப் போன உன் அடியார்கள் அனைவரின் இருப்பிடத்தையும் நீ அறிவாய்; அவர்கள் மீது உன் ரஹ்மத்தைப் பொழிவாயாக.

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.